ஐந்திணைக்கு ஒரு புதிர்



1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் நாளேட்டில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு சொல் விளையாட்டை வெளியிட்டார். நாம் குறுக்கெழுத்துப் புதிர் என்று வழங்குவது அதன் வழிவந்ததே. புதிரை விடுவிப்போர் உங்களில் பலர் இருப்பீர்கள். கட்டிப் பார்க்க விழைவோர் சிலரே இருக்கக்கூடும். அந்தச் சிலரிடமே இன்று பேச விரும்புகிறேன். அதிலும், முதன்மையான விடைகள் எல்லாம் ஓர் உட்பொருளால் இணைந்து நிற்கும் புதிரைப் பற்றி.

இவ்வகைப் புதிரில் கட்டம் வரைவது முதல் வேலையன்று. உட்பொருளைத் தேர்ந்து, அதற்குரிய சொற்களின் எழுத்தை எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை. அண்மையில் நான் ஐந்திணையை எடுத்துக்கொண்டேன். கட்டத்திற்கு ஓர் எழுத்தாகக் குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகியவற்றுக்கு நந்நான்கு, முல்லைக்கு மூன்று, பாலைக்கு இரண்டு. இங்கேயே தொல்லை தொடங்கிவிட்டது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் முன்பு இருந்த இடங்களிலேயே இருக்கவேண்டும் என்பது மரபு. எனவே மேலே நான்கெழுத்துச் சொல் இருந்தால், எதிரே கீழேயும் நான்கெழுத்துச் சொல் வேண்டும். பக்கத்துக்கு 13 கட்டம் என்று கொண்டால், நட்டநடுவில் நிற்கும் சொல்லின் எழுத்துத் தொகை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். குறிஞ்சிக்கு நெய்தல் இணையாயிற்று. முல்லையும் பாலையும் தம்முள் ஒவ்வவில்லை. மருதமோ நடுவில் நிற்க மறுத்தது.

மேலும், திணைப் பெயர்களை அப்படியே கேட்டால் அது பள்ளித் தேர்வாகுமேயன்றிப் புதிராகாது. உட்பொருள் ஒளிந்திருக்க வேண்டும், இரண்டு விடைகள் கிடைத்தபின், “அடடா, இதுவா செய்தி!” என்று விடுவிப்பவர் தாமே கண்டு, மற்ற மூன்றையும் தேடிப் போகவேண்டும். ஆதலால் சொற்களை நீட்டினேன். முல்லைப்பூ, பாலைவனம்: இரண்டும் ஐந்தெழுத்து. மருதமலையும் ஐந்தெழுத்து, அது நடுவில் சென்று அமர்ந்தது. நெய்தலை நீட்டத் தேவையே இல்லை. ‘தறியில் நடப்பது’ என்று குறிப்புத் தந்தால் கடற்கரை யார் நினைவுக்கும் வராது. குறிஞ்சிக்கு ‘பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்வது’ என்றால் போதும்.

இனி வருவது தமிழில் புதிர் கட்டுவோர்க்கே உரிய இடர். மெய்யெழுத்து நம் மொழியில் சொல்லுக்கு முதலாவதில்லை. வல்லின மெய் ஈற்றிலும் நிற்பதில்லை. அளபெடை நீங்கலாக, உயிரெழுத்து சொல்லின் முதலிலன்றி வேறெங்கும் வாராது. முல்லைப்பூவின் ‘ப்’ வழியாக மேலிருந்து கீழாக ஒரு சொல் இறங்குமானால், அவ்வெழுத்து அச்சொல்லின் நடுவிலேதான் நின்றாகவேண்டும். ‘அ’வில் தொடங்கும் சொல்லை அந்த முதற் கட்டத்திலேயே வெட்டிச் செல்லும் சொல்லும் ‘அ’விலேயே தொடங்கவேண்டும். ஆங்கிலத்தில் கட்டுவோர்க்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அமெரிக்கப் புதிர்களில் ஒவ்வொரு கட்டமும் இரு சொற்களுக்குப் பொதுவாதலால், அவர்கள் வேறு வகையில் அல்லற்படுகிறார்கள். நான் கையாளும் அமைப்பில் ஒன்றுவிட்டு ஒரு கட்டமே பொதுவாகும். முல்லைப்பூவில் மு, லை, பூ ஆகியவை வெட்டுமிடங்களில் விழ, ‘ல்’லும் ‘ப்’பும் தப்பின. குறிஞ்சியை ஒரு கட்டம் தள்ளி வைத்தபோது ‘ஞ்’ தப்பியது. எதிர் மூலையிலிருந்த நெய்தலில் ‘ய்’யும் ‘ல்’லும் தாமே தப்பின. இத்தகைய பேறு அடிக்கடி வாய்ப்பதன்று. வாய்க்காதபோது சிலர் அகராதியின் அடியிலிருந்து யாரும் வழங்காத சொல்லை எடுத்து இடைவெளியை அடைப்பர். அறியாத சொல்லை அறியாத சொல் வெட்டும் கட்டத்தில் விடுவிப்பவருக்கு ஊகம் ஒன்றே துணை. அந்நிலை வந்தால் உட்பொருளையே கைவிட்டு வேறொன்றைத் தேடலாம் என்பது என் துணிபு.

ஊகத்தை விற்றுப் பொருளீட்டிய காலமும் இருந்தது. பரிசுப் போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரு சொற்கள் ஒத்து நிற்கும். போட்டி நடத்துவோர் முன்பே முத்திரையிட்டு வைத்ததே சரியான விடை. இத்தகைய போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. திங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்று அது விதித்தது.

ஆயினும் இரு சொற்கள் ஒத்து நிற்பதையே ஒருவர் கலையாக்கிக் காட்டினார். 1996 நவம்பர் 5, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நாள். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் ஜெரமையா ஃபாரல் என்னும் கணிதப் பேராசிரியர் கட்டிய புதிர் வந்தது. மறுநாள் நாளேட்டின் தலைப்புச் செய்தி யாது என்பது அதன் நடுநாயகமான குறிப்பு. ‘கிளிண்டன்’ என்பதும் ‘பாப் டோல்’ என்பதும் ஆங்கிலத்தில் ஏழேழு எழுத்து. எந்த இடத்திலும் ஓரெழுத்தும் ஒன்றாகாது. அவ்வேழையும் வெட்டும் ஏழு சொற்களுக்கும், எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்துமாறு குறிப்புகளை அமைத்திருந்தார். கறுப்பு விலங்கு ஒன்றைக் கேட்டது முதற் குறிப்பு. சி என்று தொடங்கினால் பூனை. பி என்று தொடங்கினால் வௌவால். தேர்தலில் கிளிண்டன் வென்றார். டோல் என்று எழுதியவருடைய கட்டங்களும் பிழை ஒன்றுமின்றி நிறைந்தே இருந்தன.