எத்தனை கணுக்கள் பார்த்தீர்கள்?



நோயியல் ஆய்வுகூடங்களில் பணிபுரியும் இக்கல்லூரியின் பழைய மாணவிகளாகிய நாங்கள், நோயாளியின் முகத்தைக் காண்பது அரிது. சத்திரசிகிச்சையில் அகற்றிய பெருங்குடற் பகுதியே எங்களிடம் வருகிறது. அதனை ஒட்டிய கொழுப்பில் நிணநீர்க்கணுக்களை விரலால் தடவித் தேடுகிறோம். குறைந்தது 12 கணுக்களையாவது பார்க்கவேண்டும் என்பது நியமம்.

ஒரு கணுவிலேனும் புற்றுநோய் பரவியிருந்தால் அது மூன்றாம் நிலை. சத்திரசிகிச்சையின் பின் புற்றுநோய் மருந்தும் ஏற்றுவது வழக்கம். பரவல் இல்லையெனில் பலருக்கு அம்மருந்து தேவைப்படாது. ஆயினும் இவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. ஏன்?

ஒரு கணுவில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது, மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்புள்ள ஓரிரு சீவல்களையே. மிகுதியில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத நுண்பரவல் ஒளிந்திருக்கலாம். மேலும் சீவல்கள் வெட்டி, சைற்றோகெரற்றின் என்னும் புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியால் சாயமிட்டால், தனித்த புற்றுக்கலமும் கபிலநிறமாய்த் தெரியும். ஆனால் தனிக்கலங்களைக் கண்டதற்காகவே மருந்து கொடுப்பதால் பயனுண்டா என்பது முடிவாகவில்லை. ஆதலால் இச்சோதனை எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை.

எனவே, 'கணுக்களில் பரவல் இல்லை' என்ற அறிக்கை கிடைத்தால், எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன என்று வைத்தியரிடம் கேளுங்கள். 12க்குக் குறைவெனில், அடுத்து என்ன செய்வதென்றும் கேளுங்கள். மலத்தோடு இரத்தம் போனால் மூலநோய் என்றெண்ணி, வெட்கத்தால் மறைத்து வைக்காதீர்கள்.