பாலத்தின் தலையும் காலும்



பாலத்துக்குக் கூரை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. இலங்கையில் பதுளை மாவட்டத்துப் போகொட என்னும் இடத்தில், ஓடு வேய்ந்த கூரையோடு ஒரு பழைய மரப்பாலம் நிற்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு லூசேர்ன் நகரில் பதினான்காம் நூற்றாண்டிலே தோன்றிய கூரைப் பாலம் ஒன்று, 1993 ஆகஸ்டு மாதத்தில் தீக்கு இரையாயிற்று. மறு ஆண்டே அதனைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். வழிப்போக்கர் நனையாமலிருக்கவே இக்கூரை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அதற்காக அன்று; மரம் நனையாமலிருப்பதற்காக. நடைபலகை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பாரந்தாங்கும் உத்திரங்கள் மழையில் உளுத்தால் பாலமே போயிற்று.

வெண்ணாற்றங்கரையில் எங்கள் கிராமத்து வாய்க்காலின் குறுக்கே ஒரு பனைமரம் கிடக்கும். அதன்மேல் நடந்துதான் பள்ளிக்குச் செல்வோம். கூரை ஏது? கைப்பிடியே கிடையாது! அம்மரம் நடுவில் ஒடிந்து நான் கண்டதில்லை. கரைச் சேற்றில் பதிந்த முனைதான் ஒவ்வொரு முறையும் உளுத்துப்போகும். ஆகவே மலைநாட்டுப் பாலத்துக்குத் தலையைக் காக்க வேண்டுமென்றால், நம் சோழநாட்டுப் பாலத்துக்குக் காலைக் காக்க வேண்டும்.

இதனை நன்கறிந்தவர்கள் கல்லணையைக் கட்டியவர்கள். கரிகாற்சோழன் கட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. காவிரியின் அடியில் பாறை கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். அந்த மணலின் மீதே பெருங்கற்களை இட்டார்கள். நீர் அரிக்க அரிக்கக் கற்கள் அமிழ்ந்தன. அவற்றின் மேல் மேலும் கற்களை இட்டார்கள். இனி அமிழாது என்னும் நிலை வந்தபின் அணை எழுந்தது. ஆழங்காணா மணலில் அடித்தளம் இடும் வித்தையை இவர்களிடமே கற்றோம் என்று பொறியாளர் ஆர்தர் காட்டன் மனந்திறந்து எழுதிவைத்தார். ஆள வந்தவர் ஒருவர் அவ்வாறு எழுதியதை நான் வகுப்பில் சொல்லத் தவறியதே இல்லை.

அக்காலத்தில் காவிரி மேடிட்டு, கொள்ளிடம் பள்ளமாகி, தஞ்சை வயல்களுக்கு வரவேண்டிய நீர் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. காட்டன் 1830-இல் கல்லணையில் மணல் வாரும் மதகுகளை அமைத்தார். 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. கல்லணையின் மேல் நாம் இன்று நடந்து செல்லும் வளைவுப் பாலம் 1839-இல் வந்தது. பாலம் சோழர் காலத்தது என்று சுற்றுலாவில் யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அடியில் உள்ள கல்தான் பழையது.

மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போது, கரையோரத்தில் கணுக்கால் அளவு நீர் ஓடும் இடத்தில் அசையாமல் நிற்கச் சொல்வேன். சிறிது நேரத்தில் குதிகாலின் அடியிலிருந்து மணல் நழுவும். உடல் பின்னே சாயும். “சார், பூமி போகிறது!” என்று ஒரு சிறுவன் கூவினான். தூணுக்கும் அதுவே நேர்கிறது.

2018 ஆகஸ்டில் அதனை நாடே கண்டது. திருச்சிக்கு அருகே கொள்ளிடத்தின்மேல் 1928-இல் கட்டிய இரும்புப்பாலம், 2016-இல் புதுப்பாலம் வந்தபின் வண்டிப் போக்குவரத்து இன்றி நின்றது. மக்கள் காலையில் அதில் உலாவி வந்தனர், நானும் உலாவியிருக்கிறேன். இரும்பு நன்றாகத்தான் இருந்தது. வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. சில நாட்களுக்குள், 22-ஆம் தேதி இரவு, மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற அணை அது. ஆற்றில் மணல் அளவின்றி அள்ளப்பட்டதும் ஒரு காரணம் என்று பலரும் கூறினர்; பனைமரத்தில் நடந்து வளர்ந்தவனுக்கு அதில் ஐயம் எழவில்லை. பாலத்துக்கு வண்ணம் பூசுவதைக் காண நூறு பேர் கூடுவார்கள். படுகையின் மட்டம் எத்தனை அடி இறங்கிற்று என்று அளந்து பார்க்க ஒருவர் போதும். அந்த ஒருவரைத்தான் காண்பது அரிது.

மேலணைக்குப் பதிலாகப் புதிய மதகணை கட்டப்பட்டது. இரும்புப்பாலத்தை மீட்க வழியின்றிப் பிரித்தெடுத்தார்கள். கல்லணைப் பாலமோ இன்னும் அதே மணலின்மேல், அதே கற்களின்மேல் நிற்கிறது. வரும் ஆடிப்பெருக்குக்கு அங்கே செல்வீர்களானால், மேலிருந்து நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், தூண்கள் மணலைத் தொடும் இடத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.