கேட்ட மொழியே வாய்க்கு வரும்
(சித்தேரியில் ஆற்றிய உரை)



"ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வராது" என்னும் சொல்லை நம் இல்லங்களிலேயே கேட்கிறோம். அச்சொல்லை நம்பிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் உளர். அது மெய்யன்று என்று எடுத்துரைக்கவே இங்கு வந்துள்ளோம்.

நம் வட்டாரத்து அருந்ததியர் இல்லங்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு. அவ்வீட்டுக் குழந்தை தெருவில் விளையாடியே தமிழைப் பெற்றுவிடுகிறது. எழுத்தறியாத நம் உறவினர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று, மணல் சுமந்தவாறே கன்னடம் பேசக் கற்கின்றனர். அவர்களுக்கு இலக்கணம் கற்பித்தவர் யார்? மேஸ்திரி சொன்னதைக் கேட்டனர், பொருளைக் குறிப்பால் உணர்ந்தனர், தவறாகவேனும் பேசினர். வேலையும் நடந்தது, மொழியும் வளர்ந்தது.

அமெரிக்க மொழியறிஞர் ஸ்டீபன் கிராஷன் 1982இல் வெளியிட்ட நூலில் இதனையே வலியுறுத்தினார். விதிகளை மனனம் செய்வது வேறு, மொழி தானே நம்முள் அமைவது வேறு என்பது அவர் கருத்து. நாம் அறிந்ததற்குச் சற்றே மேற்பட்ட மொழியைப் பொருள் விளங்கக் கேட்கும்பொழுது அது வளரும். அச்சமும் நாணமும் மிகுந்தால் தடைப்படும் என்றார். பேசிப் பழகுவதும் திருத்தம் பெறுவதும் வேண்டும் என்பர் வேறு சில அறிஞர். ஆயினும், காதில் விழாத மொழி நாவில் எழாது.

ஆகவே, குறை நம் பிள்ளைகளின் அறிவில் இல்லை, வாய்ப்பில் இருக்கிறது. நகரத்துப் பிள்ளை நாள்தோறும் கேட்கும் ஆங்கிலத்தை நம் மலைப்பிள்ளை பாடவேளையில் மட்டுமே கேட்கிறது.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் வடமொழி பயில விரும்பினார். தீண்டாமை அவ்வாயிலை அடைத்தது, பாரசீகம் பயின்றார். பின்னர்த் தம் முயற்சியால் வடமொழியும் கற்றார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், 1916இல் தம் 25ஆம் வயதில், நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகளைப் பற்றிய ஆய்வுரையை ஆங்கிலத்தில் படைத்தார். மறுக்கப்பட்ட மொழியையும் பெறலாம் என்பதற்கு அவரே சான்று.

இளைஞர்களே! கல்லூரி கண்ட நீங்கள் மாலையில் அரைமணி நேரம் சிறுவரோடு அமருங்கள். எளிய ஆங்கிலக் கதைகளை உரக்கப் படியுங்கள். கைப்பேசியிலும் கேட்கச் செய்யுங்கள். பிள்ளை தவறாகப் பேசினால் நகையாதீர்கள். சரியான தொடரை நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். தாய்மொழியை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழில் ஊன்றி நின்றே பிறமொழியை எட்டுவோம்.

"வராது" என்னும் சொல்லை இன்றோடு நம் இல்லங்களிலிருந்து அகற்றுவோமாக.