பதினாறு வயசும் பதினைந்து மார்க்கும்

வேலி போட்டாத்தான் பயிர் விளையும்னு எதிரணி நண்பர் முழங்கினார். சரிங்க, அந்த வேலி எதைத் தடுக்குதுன்னு பார்க்க வேண்டாமா?

2003-இல் பார்சிலோனாவிலிருந்து லண்டன் ஆர்சனல் கால்பந்து கிளப்புக்கு ஒரு பையன் வந்தான். செஸ்க் ஃபேப்ரிகாஸ். வயசு 16. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்த வயதிலேயே கிளப் மாற விதி இடம் கொடுத்தது. 2008-இல் அதே அணிக்கு அவர்தான் கேப்டன்! (கைதட்டல்)

2020-இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தது. 2021 முதல், 18 வயது ஆகாத வெளிநாட்டுப் பையனை அங்குள்ள கிளப்புகள் வாங்க முடியாது. 18 ஆனாலும் மார்க்! நாட்டுக்காக எத்தனை ஆட்டம், கிளப்பில் எத்தனை நிமிஷம், ஆடிய லீக் என்ன தரம்... 15 மார்க் எடுத்தால் பெர்மிட்.

மார்க் போட்டே தலை நரைத்தவன் நான். மார்க், சாதிச்சதைச் சொல்லும்; சாதிக்கப்போறதைச் சொல்லாது!

உள்ளூர்ப் பிள்ளைக்கு வாய்ப்பு வேணும், ஒத்துக்கிறேன். ஆனால், 2023-இல் மார்க் எட்டாதவர்களுக்கும் சில இடங்கள் ஒதுக்கினாங்களே, ஏன்? வேலி போட்டவங்களே அதில் சந்து விட்டுட்டாங்க ஐயா! (சிரிப்பு)

வேலி பயிரைக் காக்கட்டும். விதையை வெளியே நிறுத்த வேண்டாம்.