யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம்?

(கலைவாணர் நினைவு நாளில் திண்டுக்கல் நகர ஐடி விங் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஆகஸ்ட் 30. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-ல் மறைந்த நாள். அவரை நடிகரா நமக்குத் தெரியும். ஆனா தன்னோட நகைச்சுவைப் பகுதிகளைத் தானே யோசிச்சு உருவாக்கியவர் அவர்ங்கிறது நம்ம வயசுக்காரங்க பலருக்குத் தெரியாது.

1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுன்னு வளர்ந்து 1930-களில் சினிமாவுக்கு வந்தார். டி.ஏ.மதுரத்தோடு சேர்ந்து புகழின் உச்சியில் இருந்தப்போ, 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது. ஆயுள் தண்டனை. 1947-ல்தான் நிரபராதின்னு விடுதலை.

வெளியே வந்தவர் யாரையும் பழி வாங்கக் கிளம்பல. 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில் நடிச்சார். அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தை நீங்க அவசியம் பார்க்கணும். நந்தனார் சிதம்பரம் போக ஆசைப்பட்டார். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஆசைப்படுறான். சாதி குறுக்கே நிக்குது. அதைத் தாண்டிப் படிச்சு, பள்ளி ஆய்வாளராத் திரும்பி வர்றான். தியேட்டரே சிரிச்சது. கிந்தனைப் பார்த்து இல்ல. அவனை உள்ளே விடாதவங்களைப் பார்த்து!

இப்போ நம்ம மீம்களுக்கு வருவோம். எதிரணிக்காரரோட நிறம், உடம்பு, திக்கித் திக்கிப் பேசுற பேச்சு, அவர் வீட்டுப் பெண்கள்... இதையெல்லாம் கிண்டல் பண்ணினா ஷேர் எகிறும். ஆனா அதே நிறம், அதே உடம்பு உள்ள பேகம்பூர் அண்ணனும் நாகல் நகர் அக்காவும் அந்த மீமைப் பார்க்கிறாங்க. அடி அவங்களுக்கும் சேர்த்துத்தான் விழுது.

கிண்டல் பண்ண விஷயமா இல்ல? குழாயில் தண்ணிக்குப் பதிலா காத்து வருதா, அதைப் போடுங்க. ஒரு சான்றிதழுக்கு அஞ்சு தடவை அலைய விடுறாங்களா, அதைப் போடுங்க. யாரா இருந்தாலும் செயலைக் கேளுங்க, ஆளைத் தொடாதீங்க.

1969 ஜனவரி 14-ல் உடல்நிலை மோசமா இருந்தும் சென்னை தியாகராய நகருக்கு வந்து கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார் அண்ணா. அதுதான் அவரோட கடைசிப் பொது நிகழ்ச்சி. அந்த அளவு மரியாதைக்குரிய தொழில் தோழர்களே, மக்களைச் சிரிக்க வைக்கிறது.

அடுத்த போஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. இதைப் பார்த்தா கலைவாணர் சிரிப்பாரான்னு கேட்டுட்டு அப்புறம் போடுங்க.



#கலைவாணர் #திண்டுக்கல்