சான்றா, காட்டிக்கொடுத்தலா?



தான் அறிந்த குற்றத்தை ஒருவன் மன்றத்தில் எடுத்துரைத்தால் அதனைச் சான்று கூறல் என்பது தமிழ் வழக்கு. தன்னை நம்பியவர்களைப் பிறர் கையில் அகப்படச் செய்தால் அதுவே காட்டிக்கொடுத்தல். வாய் திறத்தல் என்னும் செயல் ஒன்றுதான், பெயர்கள் இரண்டு. முன்னது சான்றோர் என்னும் சொல்லுக்கு உறவு, பின்னது வசை. ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவன் இவ்விரு பெயர்களுக்கும் இடையே படும் பாடே குற்ற நாடகங்கள் பலவற்றின் உயிர்நிலை. அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளர் வாழ்வைக் களமாகக் கொண்ட இரு படைப்புகள் இதனை விளக்கும்.

முதலாவது, எலியா கசான் இயக்கி 1954இல் வெளிவந்த 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' திரைப்படம். துறைமுகத்தில் அன்றன்று வேலைக்கு ஆள் பொறுக்கும் அதிகாரம் தொழிற்சங்கத்தைக் கைப்பற்றிய ஒரு கொடியவனிடம் இருக்கிறது. வாய் திறந்தவனுக்கு வேலை இல்லை. ஆகவே அத்தெருவின் மௌனத்தில் பாதி பற்று, பாதி பசி. சாட்சி சொல்ல இருந்த இளைஞன் ஒருவனை, காணாமற்போன புறா கிடைத்ததென்று கூறி மாடிக்கு அனுப்புகிறான் டெர்ரி மலாய். அவ்விளைஞன் கீழே தள்ளிக் கொல்லப்படுகிறான். டெர்ரியின் அண்ணன் சார்லியோ அக்கொடியவனுக்கு வலக்கை. டெர்ரி காதலிக்கும் ஈடியோ இறந்தவனின் தங்கை. தம்பியின் வாயை அடைக்க அனுப்பப்பட்ட சார்லி, மனம் இளகி அவனைப் போகவிட்டுத் தன் உயிரைக் கொடுக்கிறான். டெர்ரி சாட்சி சொல்கிறான். அதனால் நன்மை பெறவிருக்கும் அண்டை வீட்டாரே முகம் திருப்பிக்கொள்கின்றனர். அவனை அண்ணனாகப் போற்றிய சிறுவன், அவன் வளர்த்த புறாக்களைக் கொன்றுவிடுகிறான். அமெரிக்கப் பேச்சு வழக்கில் காட்டிக்கொடுப்பவனையும் புறா என்றே இகழ்வர்.

இரண்டாவது, ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்' நாடகம்; 1955இல் அரங்கேறியது. புரூக்ளினின் ரெட் ஹூக் பகுதியில் வாழும் எடி கார்போன், இத்தாலியிலிருந்து அனுமதியின்றி வந்த மனைவியின் உறவினர் இருவருக்குத் தன் வீட்டில் இடம் தருகிறான். தான் வளர்த்த பெண் அவர்களுள் ஒருவனைக் காதலிக்கவே, பொறாமையால் குடியேற்றத் துறைக்குத் தொலைபேசியில் தகவல் தருகிறான். உறவினனைக் காட்டிக்கொடுத்த ஒரு சிறுவனைக் குடும்பமே அடித்துத் துரத்திய கதையை முன்பு எச்சரிக்கையாகச் சொன்னவனும் இவனே. விருந்தினன் ஒருவன் எடியின் முகத்தில் உமிழ்கிறான். முடிவில் எடி ஓங்கிய கத்தியே அவன் உயிரைக் குடிக்கிறது.

டெர்ரியின் சொல் வலியவனின் பிடியைத் தளர்த்தியது. எடியின் சொல் ஒண்ட வந்த எளியவர் மீது அரசின் கையை இறக்கியது. யாருக்கு எதிராக, யார் பொருட்டு வாய் திறக்கப்பட்டது என்பதே அளவுகோல். தெருவின் தீர்ப்பு அளவுகோலாகாது. அது இருவரையும் ஒன்றாகவே இகழ்ந்தது.

இந்த அளவுகோல் படைப்பாளிகளுக்கும் பொருந்தும். கசானும் மில்லரும் ஒரு காலத்தில் நண்பர்கள். 1952இல் பொதுவுடைமையரைத் தேடிய நாடாளுமன்றக் குழுவின் முன் கசான் தம் பழைய நாடகத் தோழர் எண்மரின் பெயர்களைக் கூறினார். பெயர் சுட்டப்பட்டோருக்குத் திரையுலகில் வேலை மறுக்கப்பட்ட காலம் அது. 1956இல் அதே குழுவின் முன் நின்ற மில்லர் பெயர் கூற மறுத்தார். 1957இல் தண்டனை பெற்றார். 1958இல் மேல்முறையீட்டில் விடுபட்டார். டெர்ரியின் கதையில் கசான் தம் செயலுக்கு நியாயம் தேடினார் என்பர். ஆனால் டெர்ரி சுட்டியது கொலைகாரனை. கசான் சுட்டியது தோழர்களை. படத்தின் பெருமை கசானுக்குரியது. டெர்ரியின் நியாயம் அவருக்குரியதன்று.

1999இல் கசானுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டபோது, அவையில் சிலர் எழுந்து நின்று கைதட்டினர். சிலர் கைகட்டி அமர்ந்திருந்தனர். நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த அரங்கம் இரண்டுபட்ட ஒரு தெருவாகவே இருந்தது.