சாவி யார் கையில்?

(தென்காசியில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வயல்களுக்குப் பாய்கிறது. கால்வாயில் மடை இருக்கிறது. மடையைத் திறந்து அடைக்க நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். அந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது ஊர். அவர் நடுச்சாமத்தில் மடையைத் திறந்து, பண்ணையார் வயலுக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பினார் என்று வைத்துக்கொள்வோம். "மடையைத் திறக்க எனக்கு அனுமதி உண்டே!" என்று அவர் சொன்னால் நாம் ஒப்புவோமா? "எல்லா வயலுக்கும் பாய்ச்சத்தான் அனுமதி தந்தோம், ஒருவனுக்குத் தாரைவார்க்க அல்ல" என்போம்.

இன்று நாம் பேச வந்த விஷயமும் இதுவே. இங்கே மடைக்குள் இருப்பது தண்ணீரல்ல. நம்மைப் பற்றிய விவரங்கள்.

நம் விவரம் எங்கெல்லாம் இருக்கிறது?

ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். ஆலை வாசலில் வருகைக்கு விரலை வைக்கிறோம். பீடி சுற்றும் தாயின் வைப்பு நிதிக் கணக்கு கணினியில் இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஆக, நம் பெயர், விரல் ரேகை, கூலி, வங்கிக் கணக்கு எல்லாமே யாரோ ஒருவர் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள் இருக்கின்றன.

நாம் கணினியின் எதிரிகள் அல்ல. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இளைஞர்கள் கணினியில் வேலை செய்கிறார்கள். அதுவும் உழைப்புதான். நாம் கேட்பது ஒரே கேள்வி: பெட்டியின் சாவி யார் கையில்? எந்த வேலைக்காக?

சட்டம் யாரைக் காக்கிறது?

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-வது பிரிவு இருக்கிறது. கணினியின் சொந்தக்காரரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் உள்ளே நுழைந்தாலும், விவரத்தைப் பிரதி எடுத்தாலும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். வார்த்தைகளைக் கவனியுங்கள். யாருடைய அனுமதி? கணினிக்குச் சொந்தக்காரருடைய அனுமதி! விவரத்துக்கு உரிய தொழிலாளியின் அனுமதி அல்ல. ஆலையின் கணினிக்கு முதலாளி சொந்தக்காரர். அதில் பதிந்திருப்பது நம் ரேகையும் நம் வியர்வையின் கணக்கும். அனுமதி கொடுப்பது மட்டும் அவர்!

இன்னொன்றையும் பாருங்கள். அனுமதி பெற்று உள்ளே போனவன், அந்த அனுமதியை மீறி நடந்தால்? அரசின் பாதுகாப்பு ரகசியங்கள் என்று வந்தால், 66எஃப் பிரிவு "அனுமதியை மீறி" நுழைவதையும் குற்றமாகச் சொல்கிறது. ஆயுள் தண்டனை வரை உண்டு. தொழிலாளியின் விவரத்துக்கு வந்ததும், 43-வது பிரிவில் அந்த வார்த்தையைக் காணோம்! ஒப்பந்தத்தின் பேரில் விவரம் பெற்றவர் அதை வெளியே கொடுத்தால் தண்டிக்க 72ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் கெட்ட நோக்கத்தோடு கொடுத்தார், அல்லது கேடு வரும் என்று தெரிந்தே கொடுத்தார் என்று காட்டியாக வேண்டும். கூலிக்காரன் எங்கே போய் அதைக் காட்டுவான்?

அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஜார்ஜியா மாநிலத்தில் வான் பியூரன் என்ற போலீஸ் சார்ஜென்ட், பணம் பெற்றுக்கொண்டு போலீஸ் கணினியில் ஒரு வண்டி எண்ணைத் தேடினார். கணினியைத் திறக்க அவருக்கு அனுமதி இருந்தது. இந்தக் காரியத்துக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 ஜூன் 3-ல் ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. தனக்குத் திறந்துவிட்ட ஏட்டைத்தான் அவர் பார்த்தார். நோக்கம் கெட்டது என்பதால் 1986-ஆம் ஆண்டின் கணினிச் சட்டப்படி குற்றமாகாது என்றது நீதிமன்றம்.

நாம் உடனே ஆத்திரப்பட வேண்டியதில்லை. அத்தீர்ப்பில் ஒரு நியாயமும் உண்டு. சட்டத்தை அகலமாக விரித்தால், கம்பெனிக் கணினியில் பத்திரிகை படித்த குமாஸ்தாவும் குற்றவாளி ஆகிவிடுவார் என்று நீதிபதிகள் சொன்னார்கள். நம் ஊரிலும் அந்த அபாயம் இருக்கிறது. சம்பளப் பிடித்தத்தில் மோசடி என்று சந்தேகித்து, தன் கணக்கைப் பிரதி எடுத்துச் சங்கத்துக்குக் கொடுக்கும் தொழிலாளி மீதே முதலாளி இந்தச் சட்டத்தை ஏவலாம். ஆகவே நமக்கு வேண்டியது, சின்னவனை அடிக்கும் கம்பு அல்ல; சாவி வைத்திருக்கும் பெரியவனைக் கட்டும் கயிறு!

புதிய சட்டம் கயிறா?

தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகு 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. என்ன வேலைக்கு வாங்கினார்களோ அந்த வேலைக்கே விவரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதம் தேவையில்லை என்று 7-வது பிரிவு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பது என்றால் இதுதான்!

நாம் செய்ய வேண்டியது என்ன?

மனம் தளர வேண்டாம். 2010-ல் தூத்துக்குடியில் வங்கிக் கணக்கு வைத்திருந்த ஒருவர், மோசடியில் பணம் பறிபோனதற்கு இதே 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்காடினார். ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று மாநிலத் தீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டார். கேட்டவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது.

விரல் ரேகை வைத்துப் பணம் எடுத்தால் ரசீது வாங்குங்கள். "பதியவில்லை, இன்னொரு தரம் வை" என்றால் முதல் தரம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டிவைக்க வழி உண்டு. விவரத்துக்கு 1947 எண்ணில் கேட்கலாம். பணம் களவு போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இவை ஆளுக்காள் செய்யக்கூடியவை. சங்கமாக நாம் கேட்க வேண்டியவை வேறு. எந்த வேலைக்கு விவரம் வாங்குகிறார்கள் என்று தமிழில் எழுதித் தர வேண்டும். யார் எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவைத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும். தன் கணக்கின் பிரதியைப் பெறும் உரிமை வேண்டும். விரல் பதியவில்லை என்பதற்காக அரிசியும் கூலியும் நிற்கக் கூடாது.

தோழர்களே! நீர்ப்பாய்ச்சி நேர்மையாக நடப்பது அவர் நல்லவர் என்பதால் மட்டுமல்ல. கரையில் ஊர் நின்று பார்ப்பதால்! இந்தப் புதிய மடைக்கும் நாம் காவல் நிற்போம். ஒன்றுபட்டு நிற்போம்!